மணக்கடவு அளவும் மாலை ஜெபமும்

எங்கள் தாத்தா பிறந்தது கொச்சி சமஸ்தானத்தில். படித்தது சென்னை மாகாணத்தில். சம்பளம் வாங்கியது தமிழ்நாடு பொதுப்பணித் துறையில். போன வருஷம் 91 வயதில் கண் மூடியது கேரளத்தில். ஆனால் அவர் பிறந்த வீடும் இறந்த வீடும் ஒன்றேதான். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு நடுவில் இன்றும் அந்த ஓட்டு வீடு இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கத்துச் சங்கதி கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல. பாலக்காடு மலபார் ஜில்லாவோடு சேர்ந்து வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த காலத்தில், சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜாவுக்குச் சொந்தமான தனித் துண்டாகக் கிடந்தது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1-ல் கேரளம் வந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி என்று எல்லையோரப் பஞ்சாயத்துகளில் தமிழ் பேசிக்கொண்டிருந்த நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். ரேஷன் கார்டு மலையாளத்தில், பள்ளிக்கூடம் தமிழில், சந்தை பொள்ளாச்சியில், பெரிய ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில். கத்தோலிக்கர்களான எங்களுக்கு ஆயரும் (பிஷப்) அப்போது கோயம்புத்தூர் ஆயர்தான். கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013 டிசம்பர் 28-ல் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உண்டாக்கினார்கள். சொந்த ஜில்லாவிலேயே ஆயரின் கோயில் வந்துவிட்டதில் தாத்தாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அப்போது அவருக்கு எண்பது.

அவர் இறந்தபோது பங்குக் கோயிலில் வாசித்த இரங்கல் குறிப்பில் மூன்று விஷயம் இருந்தது: நல்ல எஞ்சினியர், பக்தியான கிறிஸ்தவர், குடும்பத்தை நேசித்தவர். மூன்றும் உண்மை. ஆனால் தனித்தனியாகச் சொன்னபோது அது எங்கள் தாத்தாவாக எனக்குப் படவில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அவருக்கு இருந்தது ஒரே ஒரு பழக்கம்தான். எதையும் தினமும் நேரில் போய்ப் பார்ப்பது. வாய்க்காலையும் அப்படித்தான், கோயிலையும் அப்படித்தான், பெற்ற பிள்ளைகளையும் அப்படித்தான். வீட்டில் யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி, "போய்ப் பாத்தியா?"

கோயம்புத்தூரில் சிவில் டிப்ளமா முடித்து, ஓவர்சியராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் இருந்தபடியே எழுதுகிற பொறியியல் பரீட்சையான ஏ.எம்.ஐ.இ.யைக் காட்டுக்குள் கேம்ப்பில் உட்கார்ந்து, அரிக்கேன் வெளிச்சத்தில் படித்து எழுதினார். அப்புறம்தான் எஞ்சினியர் ஆனார். கடைசியில் உதவிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றார். இதற்கு மேல் அவருடைய பதவிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் சொல்ல மாட்டார்.

அவர் வேலை பார்த்தது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில். பி.ஏ.பி. என்றால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனைமலையில் பெய்கிற மழையில் பெரும்பகுதி மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துவிடும். கிழக்கே மலை மறைவில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காய்ந்து கிடக்கும். மலையில் ஆறு நதி, சமவெளியில் இரண்டு நதி, இந்த எட்டையும் அணைகளாலும் சுரங்கங்களாலும் கோத்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்புவதுதான் திட்டம். நீராறு, சோலையாற்றுத் தண்ணீர் பரம்பிக்குளத்துக்கு வரும். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தூணக்கடவு, பிறகு சர்க்கார்பதி மின் நிலையம், அதன் பிறகு மலையடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிற காண்டூர் கால்வாய், முடிவில் திருமூர்த்தி அணை. மட்டம் ஒரு சாண் பிசகினால் தண்ணீர் வழியிலேயே நின்றுவிடும். அந்த மட்டத்தை, மட்டம் பார்க்கிற கருவியான டம்ப்பி லெவலை வைத்துக்கொண்டு, யானை நடமாடுகிற காட்டில் குறித்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். வழி காட்டியவர்கள் அந்தக் காட்டுப் பழங்குடியினரான காடர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு கல்லைக்கூட நட்டிருக்க முடியாது என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன. நிர்வகிப்பது தமிழ்நாடு. வழக்கமான சாலையில் வண்டியில் பரம்பிக்குளம் போக வேண்டும் என்றால் கேரளத்துக்காரரும் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை ஏறி, டாப்சிலிப் தாண்டித்தான் மறுபடி கேரளத்துக்குள் நுழைய முடியும். ஒரு காலத்தில் மேற்கிலிருந்து, சாலக்குடியிலிருந்து, தேக்குமரம் ஏற்றுவதற்காகக் கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம்வே 1907 முதல் அந்தக் காட்டுக்கு ஓடியது. 1963-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் கடைசிக் காலத்தைத் தாத்தா பார்த்திருக்கிறார். தண்டவாளத்தைப் பிடுங்காமல் விட்டிருந்தால் நம்ம ஜனங்களுக்கு ஒரு வழி மிஞ்சியிருக்குமே என்று அவருக்கு ஆதங்கம். எனக்கும் அதே ஆதங்கம்தான்.

சரி, மணக்கடவுக்கு வருகிறேன். தாத்தாவின் வேலையில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது அந்த இடம்தான்.

ஆழியாறு தமிழ்நாட்டை விட்டுக் கேரளத்துக்குள் நுழைகிற எல்லையில் மணக்கடவு இருக்கிறது. அங்கே ஆற்றின் குறுக்கே ஒரு வெயர், அதாவது தண்ணீர் மேலே வழிந்து போகிற தடுப்புச் சுவர். இரு மாநில ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதலே அது அமலில் இருந்ததாகக் கொள்வது என்று ஏற்பாடு. அதன்படி சித்தூர்ப் பாசனத்துக்காகத் தமிழ்நாடு ஒவ்வொரு வருஷமும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தண்ணீர் கொடுக்க வேண்டும். தண்ணீர் வருஷம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 7.25 டி.எம்.சி.யை வருஷம் பூராவும் ஒரே சீராக விட்டால் நொடிக்கு ஏறக்குறைய 230 கன அடி வரும். ஒரே சீராக யாரும் விடுவதில்லை, விடவும் முடியாது. நாற்று விடும்போது ஒரு தேவை, கதிர் பிடிக்கும்போது ஒரு தேவை, மழை வந்தால் வேறு கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எவ்வளவு என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்தது வந்து சேர்ந்ததா என்பதை மணக்கடவு அளவுகோல்தான் சொல்லும்.

அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று தாத்தா எனக்கு வெயருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தே சொல்லிக்கொடுத்தார். சுவரின் மேல் வழிகிற தண்ணீரின் உயரத்தைத்தான் நாம் படிக்கிறோம். ஓட்டம் அந்த உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாகக் கூடும். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். அதனால் படிப்பதில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் கணக்கில் பெரிதாகப் போய் நிற்கும். ஓர் அடி வழிகிற இடத்தில் ஓர் அங்குலம் கூடக் குறித்தால், எட்டில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தண்ணீர் கூடுதலாகக் கேரளத்துக்கு வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். வராத தண்ணீர்! ஓர் அங்குலம் குறைத்துக் குறித்தால் நஷ்டம் இந்தப் பக்கத்து விவசாயிக்கு. காற்றில் அலை அடிக்கும்போது தண்ணீர் கோலில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது எந்தக் கோட்டை எழுதுவது? தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைக் கோலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அலையின் உச்சியையும் பள்ளத்தையும் பல தரம் பார்த்து நடு அளவை எடுப்பார். பிறகு கேரளத் தரப்பு ஆளை அதே இடத்தில் உட்காரச் சொல்வார். இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டிக்கொள்வார்கள். வித்தியாசம் இருந்தால் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

அவருடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். சம்பளம் கொடுப்பது தமிழ்நாடு. சொந்த நிலம் இருப்பது சித்தூர் தாலுகாவில், இந்தத் தண்ணீரை நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரர் நெல் போட்டிருக்கிறார். ஆனைமலைப் பக்கத்து விவசாயிகள், "ஏனுங்க, நீங்க எங்க ஆளா, அவுங்க ஆளா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். இங்கே ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தால், "உங்க கவர்மென்ட் தண்ணிய நிறுத்திப்போட்டுது" என்று குத்திப் பேசுவார்கள். ரெண்டு இடத்திலும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "நாளைக்குக் காலைல வாங்க, கூடவே நின்னு பாருங்க." பலர் வரவும் செய்தார்கள். வந்தவர்களுக்கு நோட்டைக் காட்டினார். நாலு பேர் நம்பினார்கள், நாலு பேர் நம்பவில்லை. நம்பாதவர்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. பயிர் காய்கிறவனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும் என்பார்.

அவருக்குக் கோபம் வருகிற இடம் கடைமடை. தலைமடையில் மதகைத் திறந்துவிட்டு, ஆபீஸில் உட்கார்ந்து தண்ணீர் போய்ச் சேர்ந்ததாக எழுதுகிறவர்களை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. வாய்க்கால் ஓரமாகவே லஸ்கரோடு, அதாவது வாய்க்கால் காவல்காரரோடு, நடந்து, கடைசி வயலின் வரப்பில் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவார். பி.ஏ.பி. ஆயக்கட்டு ஏறக்குறைய 3.77 லட்சம் ஏக்கர். நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர். ஒரு மண்டலத்துக்கு முறை தப்பினால் அந்தக் குடும்பங்கள் அடுத்த முறை வரும் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த முறை நாட்களில் தாத்தா வீட்டுக்கு வர மாட்டார்.

அப்படியானால் குடும்பம்? அதை அப்பத்தாதான் தாங்கினாள், அதில் சந்தேகமே இல்லை. ஐந்து பிள்ளைகள், நாலு மாடு, ஒன்றரை ஏக்கர் வயல், மாமியார். தாத்தா சனிக்கிழமை இரவு வருவார், திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார். ஆனால் அந்த ஒன்றரை நாளில் அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக உட்கார்ந்ததை அப்பாவும் சித்தப்பாவும் இப்போதும் சொல்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார், செருப்பைத் திருப்பித் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், பல்லைக் காட்டச் சொல்வார். "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் போதாது, அவருக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பிள்ளை எங்கள் அத்தை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை விருந்தாளி வந்தால் உள்ளறையில் உட்கார வைத்துவிடுவார்கள். தாத்தா தூக்கிக்கொண்டு பூசைக்குப் போனார், சந்தைக்குப் போனார், லீவு நாளில் கேம்ப்புக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. பாய் விரித்து எல்லாரும் முழங்காலில். தாத்தா 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வோம். ஐம்பத்து மூன்று மணி உருண்டு முடிவதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுந்துவிடுவோம். அத்தைக்கு இதில் எந்தச் சத்தமும் கேட்காது. அவள் எல்லார் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, எப்போது எழுந்திருப்பார்கள் என்று தெரியாமல் விழிப்பாளாம். ஒருநாள் தாத்தா கொஞ்சம் நீளமான ஜெபமாலை ஒன்றைக் கோக்கச் சொல்லி வாங்கி வந்தார். ஒரு பாதி அவர் கையில், மறுபாதி அத்தை கையில். அவர் ஒரு மணியை நகர்த்தினால் அவள் விரலுக்கு அது தெரியும், அவளும் ஒரு மணி நகர்த்துவாள். பத்து முடிந்து பெரிய மணி வரும்போது மெதுவாக ஒரு சுண்டு சுண்டுவார். அவள் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொள்வாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஜெபமாலையைத்தான் பார்த்திருக்கிறேன். கயிறு அறுந்து அறுந்து எத்தனையோ முறை மாற்றியாயிற்று. கடைசியில் அது நைலான் நூலாக இருந்தது.

இயேசுவை வளர்த்த சூசையப்பர் மேல் அவருக்குத் தனிப் பக்தி. தச்சர், குடும்பஸ்தர், வேலைக்காரர்களுக்குப் பாதுகாவலர், நல்ல மரணத்துக்கும் பாதுகாவலர். போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் மே 1-ஐத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக அறிவித்தபோது தாத்தா வேலைக்குப் புதிதாக வந்திருந்தார். அது தனக்காகவே வைத்த திருநாள் போல ஆயுசு முழுக்கக் கொண்டாடினார். ஒருநாள் அத்தையைக் காட்டி என்னிடம் சொன்னார்: "கண்ணு, சூசையப்பர் ஒரு வார்த்தை பேசினதா நாலு சுவிசேஷத்துலயும் இல்ல. எந்திரிச்சுப் போனார், செஞ்சார், அவ்வளவுதான். நம்ம புள்ள மாதிரி." அவர் அத்தைக்குத் தையல் கற்றுக்கொடுக்க ஆள் பிடித்தார், மெஷின் வாங்கிக் கொடுத்தார், அவள் தைத்த சட்டையை மட்டுமே போட்டார். கைகள் இரண்டும் ஒரே நீளம் வரும் வரைக்கும் பிரித்துத் தைக்கச் சொல்லுவார்!

காட்டுக்குள் கேம்ப் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மலை இறங்கித்தான் வர வேண்டும். லாரி கிடைத்தால் லாரி, இல்லாவிட்டால் பாதி தூரம் நடை. அப்போது பூசை லத்தீனில். 1960-களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழில் வந்தது. இப்போது எல்லாம் புரிகிறதே என்று ஊரில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்குப் பழைய பாட்டு போய்விட்டதே என்று வருத்தம். தாத்தா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. லத்தீனில் இருந்தபோதும் முதல் பெஞ்ச், தமிழில் வந்தபோதும் முதல் பெஞ்ச்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஒரு பூசைக் கருத்து கொடுப்பார், யார் யாருக்காகப் பூசையில் வேண்ட வேண்டும் என்று எழுதிய தாள். குடும்பத்தில் இறந்தவர்கள் பெயர் முதலில் இருக்கும். அதன் கீழே அவரோடு வேலை செய்து இறந்துபோன ஆட்களின் பெயர்கள். மேஸ்திரி, லஸ்கர், பாறை உடைத்தவர், டிரைவர், காடர் ஒருவர். பெரும்பாலும் இந்துப் பெயர்கள், நடுவில் சில முஸ்லிம் பெயர்கள். புதிதாக வந்த பங்குச்சாமியார் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இவர்கள் நம் சபையில்லையே என்று கேட்டாராம். தாத்தா, "எங்கிட்ட வேலை செஞ்சவங்க சாமி" என்று மட்டும் சொன்னார். சாமியார் முழுத் தாளையும் வாசித்தார், அந்த வருஷம் மட்டுமல்ல, அவர் இருந்த வரைக்கும். பெரிய அணைகளின் திறப்பு விழாக் கல்வெட்டில் மந்திரி பெயர் இருக்கும், தலைமைப் பொறியாளர் பெயர் இருக்கும். பாறை உடைத்தவர் பெயர் எங்கள் ஊர்க் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை வாசிக்கப்பட்டது. பக்தி என்று நான் நினைப்பது இதைத்தான்.

2022 செப்டம்பர் 21 விடிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டர், எடைக்கட்டியைத் தாங்கிய சங்கிலி அறுந்து பெயர்ந்துவிட்டது. நொடிக்கு ஏறக்குறைய 20,000 கன அடி பெரிங்கல்குத்து அணை வழியாகச் சாலக்குடி ஆற்றில் இறங்கியது. அப்போது தாத்தாவுக்கு எண்பத்தொன்பது. சித்தப்பா டி.வி.யைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னார். தாத்தா ஷட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆத்தோரம் ஆளுக ஏறிட்டாங்களா? போய்ப் பாத்தாங்களா?" என்றார். ஏறிவிட்டார்கள், எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள் என்று தெரியும் வரைக்கும் காப்பி குடிக்கவில்லை. அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் எங்களை உட்கார வைத்து விளக்கினார். அந்த ஷட்டரைத் தூக்குவது மோட்டார் மட்டுமில்லை, மறுபக்கம் தொங்குகிற காங்கிரீட் எடையும்தான். சங்கிலி போனால் சமநிலை போய்விடும். எண்ணெய், துரு, தேய்மானம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றார். பேசப் பேசக் குரல் உடைந்தது. வருஷக்கணக்காக அந்தச் சங்கிலிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் அவர். அணை கட்டியவர்களைப் பற்றிப் பேச நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கட்டிய பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தினமும் அதற்கு எண்ணெய் போட்டவர்களைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. ஒரு பொறியாளரின் ஆயுளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையில்தான் போகிறது. அதற்கு மாலையும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

அப்பத்தா அவருக்கு ஆறு வருஷம் முந்தியே போய்விட்டாள். கடைசிக் காலத்தில் படுத்த படுக்கை. நர்ஸ் வைக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னபோது, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தலை நான்தான் பின்னுவேன் என்றார். மட்டம் பார்க்கிற கோலைப் படித்த கண்ணில் அப்போது புரை விழுந்திருந்தது. தடவித் தடவித்தான் பின்னினார். அவள் இத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததற்கு இது ஈடாகாது என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை.

இப்போது அத்தை எங்களோடு இருக்கிறாள். மாலை ஜெபத்தில் மறுமுனையைப் பிடிப்பது அப்பா. அவர் கொஞ்சம் வேகம். அத்தை நூலை இழுத்து நிறுத்துகிறாள்.

தாத்தா இறந்த அன்று அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். ஏ.எம்.ஐ.இ. சான்றிதழ், கல்யாணப் போட்டோ, பழைய அளவு நோட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் கவரில் அவருடைய கல்லறைக்கான எஸ்டிமேட். கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அப்பத்தாவுக்குப் பக்கத்து இடத்தை அளந்து, பிளான் வரைந்திருந்தார். குழியின் நீளம், அகலம், ஆழம். செங்கல் இத்தனை, சிமென்ட் இத்தனை மூட்டை, மணல் இவ்வளவு. மேல்பூச்சுக்குச் சரிவு பாதைப் பக்கமாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் பக்கத்துக் கல்லறையில் போய்த் தேங்கக் கூடாது என்று சிவப்பு மையில் குறிப்பு. கல்லில் பெயரும் வருஷமும் போதும், பட்டம் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரேட் போட்டு, கூட்டி, கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசி ஐட்டம்: கொத்தனார், சித்தாள் இருவருக்கும் மதியச் சாப்பாடு, நம் வீட்டிலிருந்து.

சித்தப்பா அதன்படியே செய்தார். ரேட் மட்டும்தான் மாறியிருந்தது. வேலை முடிந்ததும் கொத்தனார் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றி, சரிவு சரியாக இருக்கிறதா என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் பாதைப் பக்கம்தான் போனது. அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனோம்.